ஏசி ஃபேமிலி ரூம்

கொஞ்சம் நகரும்மா. ஜன்னல் சீட்டை எனக்குக் குடு. எனக்கு முட்டியை நீட்டணும். அதோட ரோட்டைப் பாக்கணும். முன்னாடி ரோடு இல்லம்மா, பின்னாடி ரோடு. எதுக்கா? சும்மாதான். பஸ்ல ஏறுனா ஆளுக்கு ஒரு பழக்கம்.

எங்க போறீங்கன்னு கேட்டேல்ல. வீட்டுக்குத்தான். நேத்து கார்ல வந்தேன், குடும்பத்தோட, டூரு. இன்னிக்கு பஸ்ல போறேன், தனியா. ஏன்னு கேளு. கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன். தேனி வர்ற வரைக்கும் நமக்கு வேற என்ன வேலை இருக்கு.

என் பேரு செண்பகவல்லி. கோவில்பட்டியில பொம்பளைப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல வார்டன். இந்த மாசக் கடைசி வரைக்கும் வார்டன். அப்புறம் ரிட்டயர்டு. ஹாஸ்டலுக்குள்ளேயே எனக்கு ஒரு குவார்ட்டர்ஸ் குடுத்திருந்தாங்க. அதையும் காலி பண்ணணும். புதுசா வர்றவ இப்பவே வந்து ஜன்னலுக்கு என்ன கலர்ல திரைச்சீலை போடலாம்னு அளவெடுத்துட்டுப் போறா. நான் உள்ள உக்காந்திருக்கும்போதே! இந்தக் காலத்துல வெக்கம்னு ஒண்ணு யாருக்கு இருக்கு?

அப்புறம் எங்க இருப்பீங்கன்னு கேக்காத. எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. ஒரு வாடகை வீட்டைப் பாத்துக்குவேன். எனக்குக் கல்யாணம் ஆகல. ஏன் ஆகலைங்கிற கதைக்கு இந்த பஸ் பத்தாது, இன்னொரு பஸ்ல வா, சொல்றேன். ஒரே ஒரு தம்பி, சங்கரபாண்டின்னு பேரு, விருதுநகர்ல இருக்கான். எங்கம்மா போனதுக்கப்புறம் அவனுக்குத் தலை சீவி விட்டதுல இருந்து வேலை வாங்கிக் குடுத்தது வரைக்கும் நான்தான். அதுக்காக அவன் வீட்ல போய் ஒட்டிக்கிட்டுக் கெடப்பேன்னு நெனைக்காத. நான் அந்த மாதிரி ஆள் இல்ல. என்னை ஒருத்தர் கூப்பிடணும். மனசாரக் கூப்பிடணும். ஒப்புக்குக் கூப்பிட்டா என் காதுக்குத் தெரிஞ்சுரும். இத்தனை வருஷம் பிள்ளைங்க சொல்ற பொய்யைக் கேட்டுக் கேட்டுப் பழகுன காது இது.

இப்ப டூர் கதைக்கு வா.

தம்பி பொண்டாட்டி சுகந்தி. கோயம்புத்தூர்ப் பொண்ணு. தண்ணி மாதிரி பேச்சு, எதுக்கெடுத்தாலும் "சரிங்க மதினி, சரிங்க மதினி". எதுத்துப் பேசுறவளைக்கூட நம்பலாம்மா. சரி சரின்னு சொல்றவ மனசுல என்ன ஓடுதுன்னு யாரு கண்டா? அவதான் சொன்னா, "மதினி, நீங்க ரிட்டயர் ஆகப் போறீங்க, புதுக் காரு வேற வந்திருக்கு. கம்பம் பக்கம் ரெண்டு நாள் போய்ட்டு வருவோம்"னு. சொன்னதோட நிறுத்துனாளா? தங்குறதுக்கு இடமும் பாத்துட்டேன்னு போனை நீட்டுறா.

நான் கண்ணாடியைப் போட்டுப் பாத்தேன். பேரைப் பாத்ததும் எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. வைன்யார்ட் லாட்ஜ்.

ஏம்மா, நீயே சொல்லு. பேருல ஒரு பக்கம் வைன். இன்னொரு பக்கம் லாட்ஜ். நடுவுல யார்டு! இதுக்கு மேல ஒரு இடத்தோட லட்சணத்தை எப்படிம்மா எழுதி ஒட்டுவாங்க?

"திராட்சைத் தோட்டம்னு அர்த்தம் அத்தை"ங்கிறா ஆதிரை. என் தம்பி மக. ஏழாவது படிக்கிறா, என்னமோ கலெக்டர் மாதிரி விளக்கம் சொல்றா. நான் சொன்னேன், "அர்த்தம் இருக்கட்டும்டி. லாட்ஜ்ல எவன் தங்குவான்? கேஸுக்குக் கோர்ட்டுக்கு வந்தவன் தங்குவான். மருந்து விக்கிறவன் தங்குவான். வீட்ல சொல்லாம ஓடி வந்த சோடி தங்கும். அடுத்த நாள் போலீஸ் வரும், பேப்பர்ல வரும். குடும்பப் பொம்பளை போய்த் தங்குற இடமாடி அது?" கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு லாட்ஜ் இருக்கு. அந்தப் பக்கம் நடக்கும்போது என் ஹாஸ்டல் பிள்ளைங்களைத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடக்கச் சொல்லுவேன். நானே போய் லாட்ஜ்ல படுத்தா எப்படி இருக்கும்?

"தங்குற இடத்தைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். இடத்தை நான் பாக்குறேன்"னுட்டேன். சுகந்தி என்ன சொன்னா? "சரிங்க மதினி."

எனக்கு ஒரு இடம் மனசுல இருந்துச்சு. முன்னாடி ஒருக்கா பிள்ளைங்களை சுருளி அருவிக்குக் கூட்டிட்டுப் போனப்ப பஸ்ல இருந்து பாத்தது. ஹோட்டல் பசுஞ்சோலை. எம்புட்டு அழகான பேரு பாத்தியா, வைனும் கெடையாது, வாந்தியும் கெடையாது. சுத்தித் தென்னந்தோப்பு, பின்னாடி மலை, சுவத்துக்குப் புதுசா வெள்ளை அடிச்சிருந்துச்சு. போர்டுல பெருசா எழுதியிருந்தான், 'ஏசி ஃபேமிலி ரூம் உண்டு'ன்னு. ஃபேமிலி! அந்த ஒரு வார்த்தை போதுமே. கண்ட பயலும் உள்ள வர முடியாதுல்ல.

ஆதிரைகிட்ட சொல்லி நம்பரைத் தேடச் சொன்னேன். தம்பி வீட்டு ஹால்ல உக்காந்து நானே பேசுனேன். எல்லாரும் கேக்கட்டும், ஒரு இடத்தை எப்படி விசாரிக்கணும்னு கத்துக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்.

"ஹோட்டல் பசுஞ்சோலையா?"

"ஆமாங்கம்மா."

"ஃபேமிலி ரூம் இருக்கா?"

"இருக்கும்மா. ஏசி."

"சனிக்கிழமை பொழுது சாய வர்றோம். நாலு பேரு."

"நாலு பேரென்னம்மா, பன்னெண்டு பேரு வந்தாலும் உள்ள தாராளமா இடம் இருக்கும்."

"எல்லாரும் ஒரே ரூம்லயா?"

"ஒரே ரூம்தாம்மா. நடுவுல ஸ்கிரீன் இருக்கு. தனியா இருக்கணும்னா இழுத்து விட்டுக்கலாம்."

பாத்தியா? தம்பியும் அவன் பொண்டாட்டியும் ஒரு பக்கம், நானும் ஆதிரையும் ஒரு பக்கம். நான் கேக்காமலே சொல்றான் மனுசன்.

"சுத்தமா இருக்குமா?"

"ஒவ்வொருத்தரு எந்திரிச்சதும் தொடைச்சிருவோம்மா."

ஆளு எந்திரிச்ச உடனே தொடைக்கிறானாம்! எங்க ஹாஸ்டல்ல வாரத்துக்கு ஒரு தடவை தொடைக்க வைக்கவே நான் தொண்டை கிழியக் கத்தணும்.

"சுடுதண்ணி கெடைக்குமா?"

"எப்பவும் கொதிச்சுக்கிட்டே இருக்கும்மா. சீரகம் போட்டுத்தான் குடுப்போம்."

குளிக்கிற தண்ணியில சீரகம்! மலையாளத்து எல்லை பாரு, வைத்திய முறையெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கான்னு நான் சுகந்தியைத் திரும்பி ஒரு பார்வை பாத்தேன். கடைசியா ஒண்ணு கேட்டேன். இதைக் கேக்காம எந்த இடத்துலயும் தங்கக்கூடாது, தெரிஞ்சுக்க. "எவ்வளவு நேரம் இருக்கலாம்? பொழுது விடிஞ்சதும் காலி பண்ணுன்னு வந்து நிப்பீங்களா?"

அந்த மனுசன் சிரிச்சான். "உங்க இஷ்டம்மா. உக்காந்தா யாரும் எழுப்ப மாட்டோம்."

இதாம்மா பேச்சு! இதை அன்னிக்கு நான் எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருப்பேன்னு எனக்கே தெரியாது. சாப்பிடும்போது சொன்னேன், பாத்திரம் கழுவும்போது சொன்னேன். "கேட்டியா சுகந்தி, உங்க இஷ்டம், யாரும் எழுப்ப மாட்டோம்னு சொல்றான். மரியாதை தெரிஞ்ச மனுசன்!"

சங்கரபாண்டிக்கு அந்நேரம் பாத்து இருமல். வாயைப் பொத்திக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போயிட்டான். புழுதியில அலையுற பய, மார்ல சளி கட்டியிருக்கும். சுகந்தி மட்டும், "மதினி, அங்க... படுக்குறதுக்கு ரூம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"ன்னா.

"ரூம்னா படுக்காம? நிக்கிறதுக்கா?"ன்னேன். "சரிங்க மதினி"ன்னா.

நேத்து கெளம்புனோம். காரு முன் சீட்ல நான். சுகந்தியும் பிள்ளையும் பின்னாடி. சுகந்திக்குப் பின்னாடி உக்காந்தா வாந்தி வரும், அது எனக்கும் தெரியும். ஆனா எனக்கு முட்டி வலி இருக்கே. மூத்தவ முட்டி பெருசா, அவ வாந்தி பெருசா? அவளே, "நீங்க முன்னாடி உக்காருங்க மதினி"ன்னா. சொல்லிட்டு உசிலம்பட்டியில ஒருக்கா, ஆண்டிபட்டிக் கணவாய்ல ஒருக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி எறங்கிட்டா. ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வந்தா. நல்லாத் தெரியட்டும்னுதானே செய்யுறது? எனக்கும் புரியாமலா இருக்கு.

பசுஞ்சோலைக்குப் போய்ச் சேந்தோம். நான்தான் முதல்ல எறங்குனேன். தென்னந்தோப்பு இருக்கு, மலை இருக்கு, போர்டு இருக்கு. நான் சொன்னதுல ஒரு எழுத்து குறையல. உள்ள போனா கல்லாவுல ஒரு மீசைக்காரர். "போன்ல பேசுன கோவில்பட்டி அம்மா நான்தான், ஃபேமிலி ரூமைக் காட்டுங்க"ன்னேன். "வாங்கம்மா வாங்கம்மா"ன்னு கண்ணாடிக் கதவைத் திறந்து விட்டார்.

உள்ள மேசை. நாற்காலி. மேசை. நாற்காலி. ஒரு மூலையில கை கழுவுற தொட்டி. நடுவுல ஸ்கிரீன். அந்தப் பக்கம் ஒரு குடும்பம் ஸ்கிரீனை இழுத்து விட்டுக்கிட்டு பரோட்டா பிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கு.

இது வராந்தா போலன்னு நெனைச்சு, "கட்டில் எங்க?"ன்னு கேட்டேன்.

மீசைக்காரர் ரொம்ப வருத்தப்பட்டார். "கட்லெட் போடுறதில்லம்மா. கொத்துபரோட்டா இருக்கு, தோசை இருக்கு, பிள்ளைக்கு நூடுல்ஸ்கூட போட்டுத் தரலாம்."

சிரிக்கிறியாம்மா? சிரி, சிரி. உன்னைச் சொல்லி என்ன? தப்பு யாரு மேலன்னு மட்டும் சொல்லு. சோறு போடுற இடத்துக்கு ஹோட்டல்னு பேரு வச்சு, சாப்பிடுற எடத்துக்கு ரூம்னு பேரு வச்சு, அதுல ஃபேமிலின்னு ஒரு பட்டத்தையும் கட்டுனா, நல்லது கெட்டது தெரிஞ்ச மனுசங்க என்னதான் நெனைப்பாங்க? அந்த ஆளு மேல நான் எழுதிப் போடணும். எங்க எழுதிப் போடணும்னுதான் தெரியல.

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள சுகந்தி முந்திக்கிட்டா. "சாப்பிடத்தாங்க வந்திருக்கோம். அப்பவே மதினி இந்தக் கடையைத்தான் சொன்னாங்க, தோசை நல்லாருக்கும்னு"ன்னு அவர்கிட்டச் சொல்லிட்டு, என் கையைப் புடிச்சு நாற்காலியில உக்கார வைக்கிறா. இந்தப் பக்கம் சங்கரபாண்டி வாயைப் பொளந்தான், சிரிக்கப் போறான்னு தெரிஞ்சுச்சு. மேசைக்குக் கீழ அவ அவன் காலை நங்குன்னு மிதிச்சா. நான் பாத்துட்டேன். என் கண்ணுல இருந்து ஒண்ணு தப்பாது. புருசனும் பொண்டாட்டியும் என் முன்னாடியே காலால பேசிக்கிறாங்கம்மா! என்ன சாடையோ, என்ன சதியோ.

தோசை நல்லாத்தான் இருந்துச்சு. அதை நான் வெளிய காட்டிக்கல.

சாப்பிட்டு முடிச்சதும் மெல்ல ஆரம்பிக்கிறா. "மதினி, எதுக்கும் இருக்கட்டும்னு பக்கத்துல ஒரு எடம் சொல்லி வச்சிருந்தேன். போவமா?" எந்த எடம்? அதேதான். வைனு, யார்டு, லாட்ஜ். அவ அதை வேணாம்னு சொல்லவே இல்லியாம். அப்ப என் பேச்சுக்கு என்னம்மா மரியாதை? நான் தோத்துப் போவேன்னு முன்கூட்டியே தெரிஞ்சு, விழுகட்டும், விழுந்ததும் தூக்குவோம்னு கீழ பாயை விரிச்சு வச்சிருந்திருக்கா. இதுக்குப் பேரு என்ன? நீ என்னமோ சொல்ல வர்ற. சொல்லாத, எனக்குத் தெரியும்.

எடம் எப்படி இருந்துச்சுன்னு கேப்பே. குறை சொல்ல ஒண்ணும் இல்ல, அதுதான் எரிச்சலே. திராட்சைப் பந்தலுக்கு நடுவுல ஓட்டு வீடு. நடத்துறது ஒரு புருசன் பொண்டாட்டி, நெத்தி நிறைய விபூதி. வைன் வாசனையே இல்ல. ஆனா என் ரூமைப் பாத்தேன் பாரு, அங்கதான் குட்டு ஒடைஞ்சுச்சு. அவங்களுக்கு மாடியில மெத்தை போட்ட ரூமு. எனக்குக் கீழ. மெத்தையே இல்ல! வெறும் பலகைக் கட்டில், மேல ஒரு கோரைப்பாய். அந்த வீட்டம்மா சொல்லுது, "உங்க தம்பி சம்சாரம்தாங்க போன் போட்டு ரெண்டு மூணு தடவை சொன்னாங்க. படி ஏற வைக்காதீங்க, மெத்தையை எடுத்துருங்க, பாய் போடுங்கன்னு. நாங்க கம்பத்துல போய்ப் புதுப் பாய் வாங்கியாந்தோம்"னு.

எல்லாருக்கும் மெத்தை, எனக்கு மட்டும் பாய். எப்படி மனசு வந்துச்சு பாரு.

என்னது? ஆமா, நான் வீட்லயும் பாய்லதான் படுப்பேன். மெத்தையில படுத்தா மறுநாள் முதுகு நிமிராது. அது வேற விஷயம்மா. குடுத்துட்டு, நான் வேணாம்னு சொன்னா அது வேற. குடுக்காமலே இருக்குறது வேற. உனக்கு இன்னும் தம்பி பொண்டாட்டின்னு ஒருத்தி வாய்க்கலைன்னு நெனைக்கிறேன்.

தூக்கம் வந்துச்சான்னா, வந்துச்சு. நல்லாவே வந்துச்சு. அதையும் நான் காட்டிக்கல.

இன்னிக்குக் காலையிலதான் விஷயமே. பந்தலுக்குக் கீழ உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கோம். சங்கரபாண்டி தொண்டையைச் செருமுறான். அவன் சின்ன வயசுல பரிட்சையில கொறைஞ்ச மார்க்கைக் காட்டுறதுக்கு முன்னாடி அப்படித்தான் செருமுவான். "அக்கா, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு நேரா நம்ம வீட்டுக்கு வந்துரு. கீழ் ரூமை உனக்குன்னு ஒதுக்கியாச்சு"ங்கிறான்.

பொய் சொல்ல மாட்டேன். இந்த வார்த்தைக்காக நான் ரெண்டு மாசமாக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஆனா உடனே பல்லைக் காட்டிறலாமா? இவன் சொல்றான், சரி. வீட்டை ஆளுறவ அவ. அவ மனசு என்ன? அதனால நான் வார்டன் குரல்ல கேட்டேன், "எத்தனை நாளைக்கு?"

சுகந்தி எனக்கு டீ ஊத்திக்கிட்டு இருந்தா. நிமிந்து என்னைப் பாத்துச் சொல்றா:

"உங்க இஷ்டம் மதினி. உக்காந்தா யாரும் எழுப்ப மாட்டோம்."

என் வார்த்தை! நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச வார்த்தை! அதை எடுத்து எனக்கே போடுறா! அந்தப் பரோட்டாக் கடைக்காரன் சொன்னதை! மூணும் சிரிச்சிருச்சும்மா, மூணும்! என்னைத் தூக்கி வளத்தவளாப் பாக்காம, கட்லெட் கேட்டு வந்த கெழவியாப் பாத்து சிரிச்சிருச்சுங்க. எந்திரிச்சேன். பையை எடுத்தேன். விறுவிறுன்னு ரோட்டுக்கு நடந்தேன். "மதினி, மதினி"ன்னு பின்னாடியே ஓடியாந்தா, காலுல செருப்புகூட இல்லாம. அந்தப் பாதை பூராம் நெருஞ்சி முள்ளு. நான் திரும்பியே பாக்கல. இந்த பஸ் வந்துச்சு, கையைக் காட்டுனேன், ஏறிட்டேன்.

சொல்லு. சரியாத்தானே செஞ்சேன்?

அதைச் சொல்லும்போது அவ முகம் எப்படி இருந்துச்சுன்னா கேக்குற? முகத்தை எவ பாத்தா... இரு. அவ சிரிக்கல. சங்கரபாண்டியும் பிள்ளையும்தான் சிரிச்சாங்க. சரி, மூணு இல்ல, ரெண்டு. அவ டீயை ஊத்திக்கிட்டே என்னையப் பாத்துக்கிட்டு இருந்தா. டம்ளர் நெறைஞ்சு வழியுது, அதுகூடத் தெரியாம ஊத்துறா. ஒரு வேலையை ஒழுங்காப் பாக்கத் தெரியாது அவளுக்கு.

உத்தமபாளையமா இது? கண்டக்டர் தம்பி, எதுக்கு இப்படி நிறுத்தி நிறுத்திப் போறீங்க?

என்னப்பா? எந்தக் காரு? பின்னாடி வர்ற செவப்புக் காரா? அது ஆரம்பத்துல இருந்து பின்னாடியேதான் வருது, நானும் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். முந்திப் போக மாட்டேங்குறான், நின்னா நிக்கிறான். ஓட்டத் தெரியாதவன். என் தம்பிதான்.

ஏம்மா, உன் கண்ணு நல்லாத் தெரியுமே, கொஞ்சம் எட்டிப் பாரு. முன் சீட்ல யாரு இருக்கா? யாரும் இல்லியா? நல்லாப் பாரு. காலியா?

அப்ப அவ எங்க? பின்னாடியா? கண்ணாடியை இறக்கிட்டுத் தலையை வெளிய நீட்டிக்கிட்டு வர்றாளா? கையில எலுமிச்சம்பழமா?

பாத்தியா கூறுகெட்டவளை! நான்தான் பஸ்ல வந்துட்டேனே, முன்னாடி ஏறி உக்கார வேண்டியதுதானே? யாருக்காக அந்த சீட்டைக் காலியாப் போட்டு வச்சிருக்கா? கண்டக்டர், நிறுத்துப்பா. தேனிக்கு டிக்கெட் எடுத்தா தேனி வரைக்கும் உக்காந்தே வரணும்னு சட்டமா இருக்கு? கொஞ்சம் தள்ளும்மா, அந்தப் பையை எடு. வாந்தி வர்றவளைப் பின்னாடி உக்கார வச்சு ஓட்டிட்டு வர்றான் அந்த முட்டாப்பய. அவளை முன்னாடி ஏத்தணும், நான் எறங்குறேன்.